வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

"ஐயோ சேர், ரத்தம்!"

முன்வாங்குப் பிள்ளைகள் பாய்ந்து எழும்பிவிட்டார்கள். கிளாசில் இருந்த மஞ்சள் தண்ணீரில் மரியரட்ணம் மாஸ்டர் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்ததுதான் தாமதம், அது கண்முன்னே சிவந்துபோனது.

"ரத்தமுமில்லை, பேயுமில்லை. இதுதான் இரசாயனத் தாக்கம்," என்று சிரித்தார் அவர்.

பொருளாதாரத் தடை வந்த பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஒரு போத்தல் அமிலம்கூட வருவதில்லை. அதற்காக எட்டாம் ஆண்டுக்குப் பாடத்தை நிறுத்துகிற ஆளா மாஸ்டர்? குசினிச் சாமான்களோடு வகுப்புக்கு வந்துவிட்டார். கரும்பலகையில் 'மஞ்சள் + சுண்ணாம்பு → சிவப்பு' என்று எழுதினார்.

"வடிவாய்ப் பாருங்கோ. இந்தப் பக்கம் சுண்ணாம்பு போடாட்டில் அந்தப் பக்கம் சிவப்பு வராது. ஆர் மந்திரிச்சாலும் வராது."

பின்வாங்கில் இருந்த செல்வநாயகிக்கு வீட்டுச் சாமிப்படத்தடி மஞ்சள் தண்ணீர் நினைவுக்கு வந்தது.

போன மாரி மழைக்குள் கிளாலிக் கடலால் வள்ளமேறி வன்னிக்குப் புறப்பட்ட அவளுடைய அண்ணன் இன்னும் திரும்பவில்லை. ஒரு கடிதம்கூட இல்லை. "வெள்ளிக்கிழமையிலை அம்மாள் படத்துக்கு முன்னாலை மஞ்சள் தண்ணி வையுங்கோ. சிவந்தால் பெடியன் உயிரோடை இருக்கிறான்," என்று சாத்திரக்காரி சொல்லியிருந்தாள். வெள்ளிக்கு வெள்ளி தண்ணீர் சிவந்தது. அதைக் கண்ட பிறகுதான் அம்மா சின்னாச்சி அடுப்பையே மூட்டுவாள்.

அப்படியென்றால், யாரோ சுண்ணாம்பு போடுகிறார்கள்!

பள்ளிக்கூடம் விட்டதும் செல்வநாயகி நேரே தோட்டத்துக்கு ஓடினாள். அப்பா தம்பிஐயா வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

"அப்பா, எங்களை ஆரோ பேய்க்காட்டுகினம்!"

வகுப்பில் கண்டதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தம்பிஐயாவின் முகம் கறுத்துப்போனது.

"மெல்லக் கதை பிள்ளை. போடுறது நான்தான்."

"நீங்களோ!"

"கொம்மா கற்பூரம் எடுக்கத் திரும்பேக்கை ஒரு சொட்டுச் சுண்ணாம்பைத் தண்ணிக்குள்ளை விட்டுடுவன். மஞ்சளாய்க் கிடந்தால் அவள் செத்துப்போவாளடி. நான் வேறை என்ன செய்யிறது?"

"அப்ப அண்ணை?"

அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார். வரம்பில் குந்தியிருந்து விக்கி விக்கி அழுதார். அப்பா அழுது அவள் பார்த்ததேயில்லை.

"எத்தினை நாளைக்கப்பா இந்தப் பொய்? ஒரு நாளைக்கு அம்மா கண்டுபிடிச்சால் என்ன செய்வியள்?"

தம்பிஐயா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சொல்லுறதும் சரிதான். இண்டைக்கும் வெள்ளிதானே, நான் போடன். வாறது வரட்டும்."

பின்னேரம் அம்மாள் படத்துக்கு முன்னால் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் இருந்தது. அப்பா இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். செல்வநாயகியும் மூடிக்கொண்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. இப்போது குழறி அழப்போகிறாள், இப்போது அழப்போகிறாள் என்று எண்ணிக்கொண்டு நின்றாள்.

"சிவந்திட்டுது!" என்றாள் அம்மா.

செல்வநாயகி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். கிண்ணத்தில் நல்ல சிவப்பு. அப்பாவோ பேயறைந்தவர்போல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மாளாச்சி! என்ரை பிள்ளை இருக்கிறான்! சத்தியமாய் உயிரோடை இருக்கிறான்!"

அப்பா சிரித்தார், அழுதார், சால்வை நழுவி விழுந்ததும் தெரியாமல் அயலுக்குச் சொல்ல ஒழுங்கைக்கு ஓடினார்.

செல்வநாயகி கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள். மாஸ்டர் சொன்னது பிழையா? அண்ணை உண்மையாகவே வரப்போகிறாரா?

"அம்மா, அப்ப அண்ணை..."

சின்னாச்சி விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மகளை அருகே இழுத்தாள்.

"கொப்பருக்குச் சொல்லிப்போடாதை மோனை, மனுசன் தாங்காது. கொண்ணையின்ரை பிரேதத்தைக் கரையிலை தாட்டதை அவனை ஏத்திப்போன வள்ளக்காரன் கிறகோரி எனக்குப் போன மாரியிலையே சொல்லிப்போட்டான்."