யானை வந்த படம்

லிட்டில் இந்தியா சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் தேநீரை ஆற்றியபடி, பார்த்த படங்களைப் பற்றித் தோழி சுஷ்மிதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் கேட்லின். பக்கத்தில் அவள் கணவன் மேக்ஸ்வெல்.

“அந்தப் போலீஸ் படம் சூப்பர் லா. மழையில ஒரு யானை மெதுவா நடந்து வரும், பார்த்துக்கிட்டே இருக்கலாம்.”

“பேய்ப் படம்?”

“பயமே இல்ல. அந்தப் பேய் எங்கம்மா மாதிரியே தலை சீவி விடுது.”

“இன்னிக்குப் பார்த்தது?”

“கொஞ்சம் இழுவை. ஆனா நம்ம பூன் லே போற பஸ் கடல் மேலயே போச்சு பாரு, அழகு!”

“ஆமா, நல்ல சீன்,” என்றான் மேக்ஸ்வெல்.

கேட்லின் கை கழுவப் போனாள்.

“அண்ணே, போலீஸ் படம் நானும் பார்த்தேன். அதுல யானையே கிடையாதே!”

மேக்ஸ்வெல் குரலைத் தாழ்த்தினான். “அவ அம்மா தவறினதிலேர்ந்து வீட்டுல தூக்கமே வர்றதில்லம்மா. தியேட்டர்ல மட்டும்தான் வருது. பேர் போடும்போதே என் தோள்ல சாஞ்சிடுவா. தூங்கினதே அவளுக்குத் தெரியாது.”

கேட்லின் திரும்பி வந்தாள். “அடுத்து எந்தப் படம் போகலாம், சுஷ்மி?”

சுஷ்மிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கிறதுலயே ரொம்ப நீளமான படமா பார்த்துப் போ லா.”