கீழ்வீட்டு ஆத்தா

தன் வீட்டுப் படிக்கட்டிலேயே அவள் வரிசையில் நின்றாள்.

முதல் மாடி புஷ்பலதா வீட்டு ஹால் சுவரில், டிவிக்கு மேலே, அம்மன் முகம் வந்திருக்கிறதாம். மஞ்சள் முகம். இரண்டு கண்ணும் மூக்குத்தியும் அப்படியே தெரிகிறதாம்.

ஆடி முதல் வெள்ளி வேறு. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்.

பத்தொன்பது வருஷம் தீச்சட்டி எடுத்தவள் இவள். ஆடி மாதம் முழுக்கச் செருப்புப் போடமாட்டாள். புஷ்பலதா விளக்கேற்றுவதே சீரியல் இடைவேளையில்தான்.

அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் ஆத்தா. இன்னும் ஒரு மாடி ஏறினால் கால் வலிக்குமாமா?

வயிறு எரிந்தது. பொறாமைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

புஷ்பலதா பட்டுப்புடவையில் நின்றாள். போன மாதம்வரை, இவள் பாத்ரூம் தண்ணீர் சுவரில் இறங்குகிறதென்று படியேறி வந்து சண்டை போட்டவள். இன்று யாரோ எவரோ போல இவளுக்கும் குங்குமம் வைத்துவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள்.

முகம்தான். சந்தேகமே இல்லை. கை தானாகக் குவிந்தது.

பிறகுதான் அந்த மஞ்சளைப் பார்த்தாள்.

செவ்வாயும் வெள்ளியும் கல்லில் உரசி, கழுத்துவரை பூசி, இவள் குளிக்கிற குண்டு மஞ்சள். அது இறங்கிய சுவர் இது.

ஆத்தா இவள் குளித்த தண்ணீரில் வந்திருக்கிறாள். வந்தும், இவள் வீட்டில் இல்லை.

வாய்வரை வந்தது. சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள். அதுவும் உண்மைதானே.

மேலே வந்து பிளம்பருக்குப் போன் செய்தாள். ஆறு மாதமாகத் தள்ளிப்போட்ட வேலை, அரைமணி நேரத்தில் முடிந்தது.

இரண்டாம் வெள்ளிக்குள் சுவர் காய்ந்தது. கண் போனது, பிறகு மூக்குத்தி. கூட்டமும் போனது. வேப்பிலையைப் பெருக்கித் தள்ளிவிட்டு வந்து, புஷ்பலதா இவள் தோளில் சாய்ந்து அழுதாள்.

“நான் என்னக்கா தப்பு பண்ணேன்? ஏன் போயிட்டா?”

அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மனசுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அது ஒரு நாள்கூட நிற்கவில்லை.

மறுநாள் காலை தன் வீட்டு ஹாலில் படுத்தபடி மேலே பார்த்தாள். கூரையில் ஒரு முறம் அளவுக்கு ஈரம். மூன்றாவது மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டிலிருந்து இறங்குகிறது.

வெறும் வெள்ளை ஈரம். மூக்கு இல்லை, முழி இல்லை.

எழுந்து படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் திறந்தாள். சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்து, அவள் முகம் வெளிறியது.

அந்தப் பெண்ணின் கையில் ஒரு பை குண்டு மஞ்சளைத் திணித்தாள்.

“வெள்ளிக்கெழமை தவறாம தேச்சுக் குளிம்மா. நெறையவே தேச்சுக்கோ.”

கசிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.