நின்னுகினாவது வரட்டும்

"சம்மர் கேம்ப்ல இடமே இல்லம்மா. படப்பையில நீச்சல், கராத்தே எல்லாம் சொல்லித் தராங்க. அங்க சேத்துடுங்க."

"வேணாம் மிஸ். நீங்கதான் வெள்ளிக்கிழமை ஒரகடம் செல்போன் கம்பெனிக்குக் கூட்டிக்கினு போறீங்க. மதிவதனி வேன்ல நின்னுகினாவது வரட்டும் மிஸ்." அஞ்சலை அழுதுவிடுவாள் போலிருந்தது.

"ஆறு வயசுப் பொண்ணுக்குக் கம்பெனியில என்னம்மா இருக்கு?"

அஞ்சலை கைகூப்பினாள். மிஸ் அலுப்போடு பெயரை எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, கம்பெனிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வந்து நின்றார்கள். இந்தப் பக்கம் தொப்பியும் முகமூடியுமாக நாற்பது பெண்கள் லைனில் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி அஞ்சலை. ஓயாத ஓவர்டைமில், மகள் விழித்திருக்கையில் அவளைப் பார்த்து மூன்று வாரமாகிறது. கையை நிறுத்தாமல் கண்ணை மட்டும் உயர்த்தினாள்.

மதிவதனி கண்ணாடியில் மூக்கை அழுத்தித் தேடினாள். அம்மா யாரென்று தெரியாமல், ஒருவரையும் விடாமல் நாற்பது பேருக்கும் டாட்டா காட்டினாள்.