பதினொரு மணிக் கோளாறு

"இன்னிக்கும் போச்சா?"

"டாண்ணு பதினொரு மணிக்குப் போச்சு" என்றார் பதினெட்டாம் சீட்காரர். "நெட் போனதும் பதினேழாம் சீட் அக்கா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. கால் மணி நேரம் ஜாலி. கொடுத்து வெச்சவங்க!"

நெட்வொர்க் டெக்னீஷியனுக்குத் தலை சுற்றியது. அந்தக் கால் சென்டரில் அறுபது சீட். தினமும் பதினொன்றுக்கும் நாலுக்கும் அந்த ஒரு சீட்டுக்கு மட்டும் நெட் படுத்துவிடும். கால் மணியில் தானாக எழுந்துவிடும்.

வயரை மாற்றிப் பார்த்தான். கம்ப்யூட்டரை மாற்றினான். நேற்று அந்த அக்காவின் வயரை, சீட்டுகளுக்கு நெட்டைப் பிரித்துத் தரும் சுவிட்ச் பெட்டியின் பதினேழாம் போர்ட்டிலிருந்து பிடுங்கி இருபத்திரண்டில் செருகி, எந்தச் சீட்டுக்கு எந்தப் போர்ட் என்று அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலையும் திருத்தினான்.

இன்று இருபத்திரண்டு படுத்தது! பதினேழு ஜம்மென்று இருக்கிறது.

ஆளைப் பார்த்தா கோளாறு வரும்? பேய் பிடித்தது சுவிட்சுக்கா, தனக்கா என்றே புரியவில்லை. தலைமை அலுவலகம் வேறு, இன்றைக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆள் வருவார் என்று மெயில் அனுப்பியிருந்தது.

சுவிட்சுக்குள் இருக்கும் பதிவைத் திறந்தான். கோளாறே இல்லை. யாரோ சுவிட்சில் நேராகக் கேபிள் செருகி, பாஸ்வேர்டு போட்டு, அந்தப் போர்ட்டை மூடித் திறந்திருக்கிறார்கள்.

அந்த அக்கா யாரையோ கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறாள்! இவள் டிமிக்கி கொடுக்க என் பிழைப்பிலா மண்? அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு மணிக்குச் சுவிட்ச் அறையில் ஒளிந்து நின்றான். கதவைத் திறந்து வந்தவர் சூப்பர்வைசர். பாத்ரூம் போனால்கூட நிமிஷம் எண்ணுவதால் ஆபீசே 'கடிகாரம்மா' என்று பெயர் வைத்திருந்த அம்மாள். லேப்டாப்பை மடியில் வைத்து ஒற்றை விரலால் தட்டினார்.

"மேடம், நீங்களா?"

"இருப்பா, நாலாயிடுச்சு." தட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "அவசரத்துக்குன்னு உறையில போட்டுக் கொடுத்தியே, அந்த பாஸ்வேர்டுதான்."

"எதுக்கு மேடம்?"

"அவளுக்கு மூணு மாசக் கைக்குழந்தை. பால் கட்டிக்கிட்டு ஜுரத்தோட உக்காந்திருந்தா. பால் எடுத்து வைக்க நேரம் கேட்டேன். தலைமை ஆபீஸ் முடியாதுன்னுட்டாங்க. எழுந்து போனா மெஷின் சம்பளத்தைக் கழிக்கும். நெட் போனா மட்டும்தான் கழிக்காது."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா பயந்து வேண்டாம்னுடுவா."

இருக்கைக்குத் திரும்பி, தலைமை அலுவலகத்துக்கு மெயில் எழுதினான்:

'கோளாறு தெரிந்துவிட்டது. அந்தப் போர்ட் சூடாகிறது. தினமும் இரண்டு முறை கால் மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும்.'

ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது:

'தாராளமாகக் கொடுக்கவும். விலை உயர்ந்த மெஷின்.'