சொந்த வீடு மாதிரி

"தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு முதல்ல பார்க்கணும். மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

"நாம பார்க்கப் போறது கிச்சன். பாத்ரூம் இல்ல" என்றார் கணவர்.

"எதுவா இருந்தா என்னங்க, ஒரு தடவை பட்டது போதாதா?"

பட்டது உண்மைதான். குளியலறையைப் புதுப்பித்துக் கொடுத்த புண்ணியவான், தரையின் வாட்டத்தை வாசல் பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார். யார் குளித்தாலும் தண்ணீர் நேரே கூடத்துக்கு வந்து நலம் விசாரிக்கும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இவளோ அடுப்பங்கரையையே இடித்துக் கட்டப் புறப்பட்டுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து முழங்கை இடிக்க இடிக்கச் சமைத்தவள், ஆசை இருக்காதா? சாக்பீஸை எடுத்துத் தரையெல்லாம் கோடு போட்டு வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போன கணவரை, "அய்யய்யோ, ஃப்ரிட்ஜ் மேல நிக்கறீங்க, நகருங்க" என்று விரட்டியதும் நடந்தது.

காண்ட்ராக்டர்கள் இரண்டு பேர் வந்து இடத்தைப் பார்த்துப் போயிருந்தார்கள். அவரவர் வாயில் அடிக்கடி வருவதையே பேராக வைத்தாகிவிட்டது.

முதலாமவர் 'கவலைப்படாதீங்க'. இஸ்திரி கலையாத சட்டை, தேனொழுகும் பேச்சு. எதைக் கேட்டாலும், "கவலைப்படாதீங்க மேடம், உங்க வீட்டை என் சொந்த வீடு மாதிரி நினைச்சுச் செய்வேன்" என்பார். தான் செய்த வேலை என்று போனில் அவர் காட்டிய ஒரு சமையலறைப் படத்தைப் பார்த்து இவள் மயங்கியே போனாள். பச்சை டைல்ஸ், ஜன்னலுக்குக் கீழே சிங்க், மூலை அலமாரியில் இழுத்தால் சுழன்று வெளியே வரும் அரைவட்டத் தட்டு. நேரில் பார்க்கலாமா என்று கேட்டதற்கு மட்டும், "அந்த வீட்டுக்காரங்க யாரையும் உள்ளே விட மாட்டாங்க மேடம்" என்றுவிட்டார்.

இரண்டாமவர் 'பார்த்துட்டுச் சொல்றேன்'. அதற்கு மேல் பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு. ஆனால் செய்த வேலையைக் காட்டச் சொன்னதும் ஒரு விலாசத்தைச் சொல்லி, "எப்ப வேணா போய்ப் பாருங்க. நான் கூட வரல. நான் இருந்தா அவங்க குறையைச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அங்கேதான் இப்போது புறப்பட்டார்கள். இன்றைக்குள் இருவரில் ஒருவருக்குச் சரி சொல்லியாக வேண்டும். இந்த முறையும் ஏமாந்தால் கூடத்தோடு சமையலறையும் குளமாகிவிடும்.

"என் ஓட்டு முதல் ஆளுக்குத்தான். சிரிச்ச முகமா பேசறார். இன்னொருத்தர்கிட்ட பேசறது சுவர்கிட்ட பேசற மாதிரி இருக்கு" என்றார் கணவர் வழியில்.

"எனக்கும் அந்தப் பச்சை டைல்ஸ் கண்ணுலயே நிக்குது. ஆனா கண்ணால பார்க்காம எதுக்கும் தலையாட்ட மாட்டேன்."

அந்த வீட்டில் ஒரு பெண்மணி கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் நெடுநாள் சிநேகிதியைப் போல இவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போனார். வாசற்படியிலேயே இவள் நின்றுவிட்டாள்.

பச்சை டைல்ஸ். ஜன்னலுக்குக் கீழே சிங்க். மூலையில் அதே தட்டு.

"என்னங்க, அந்தப் போட்டோவுல இருந்தது இந்தக் கிச்சன்தான்" என்று கணவரின் காதில் கிசுகிசுத்தாள்.

"அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் புளுகறார்" என்றார் அவர் பதிலுக்கு.

"இதை யாருங்க செஞ்சு கொடுத்தாங்க?" என்று அவள் மெல்ல விசாரித்தாள்.

"உங்களை அனுப்பினாரே, அவர்தான். எதைக் கேட்டாலும் பார்த்துட்டுச் சொல்றேன், பார்த்துட்டுச் சொல்றேன்னே உசிரை வாங்குவார். ஆனா சொன்னா சொன்னதுதான். அதோ அந்த டைல்ஸ் லேசா கோணல்னு நான்கூடக் கவனிக்கல. அவரே பேத்துட்டு வேற பதிச்சார்."

"தண்ணி ஊத்திப் பார்க்கலாமா?"

"தாராளமா."

சிங்க் பக்கத்து மேடையில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினாள். அது அப்படி இப்படித் திரும்பாமல், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக சிங்குக்குள் போய் இறங்கியது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூலைத் தட்டை இழுத்தாள், தள்ளினாள், மறுபடியும் இழுத்தாள். அங்கேயே நின்று போனைப் போட்டு, "நாளைக்கே வேலையை ஆரம்பிச்சுடுங்க" என்றாள்.

"பார்த்துட்டுச்..." என்று தொடங்கிய மறுமுனை, என்ன நினைத்ததோ, "வந்துடறேன்மா" என்று முடித்தது.

"அந்த முதல் ஆள் எங்கிருந்தோ படத்தைச் சுட்டுட்டு வந்து நம்மகிட்ட கதை விட்டிருக்கார் பாரு" என்று கணவர் பல்லைக் கடித்தார்.

அவள் வீட்டுக்காரப் பெண்மணியிடம், "நல்ல ஆளா பார்த்துப் பிடிச்சிருக்கீங்க" என்றாள்.

"நான் எங்கே பிடிச்சேன்? எல்லாம் எங்க வீட்டுக்காரர்தான். இந்த ஊர் காண்ட்ராக்டருங்க வண்டவாளமெல்லாம் அவருக்கு அத்துப்படி. நம்ம வீட்டு வேலை, விளையாட்டு இல்லன்னு சொல்லி இவரைத் தேடிப் பிடிச்சார். இதோ, வண்டிச் சத்தம் கேக்குது. அவரே வந்துட்டார்."

கூடத்தில் யாரோ போனில் பேசிக்கொண்டே வருவது கேட்டது. "கவலைப்படாதீங்க சார், உங்க வீட்டை என் சொந்த வீடு மாதிரி நினைச்சுச் செய்வேன்."

சமையலறை வாசலில் வந்து நின்ற இஸ்திரி கலையாத சட்டையைப் பார்த்து அவள் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"நாங்களும் எங்க வீட்டை உங்க சொந்த வீடு மாதிரியே நினைச்சுட்டோம் சார். அதான், உங்க வீட்டு வேலைக்கு நீங்க யாரைக் கூப்பிட்டீங்களோ, அவரையே நாங்களும் கூப்பிட்டுட்டோம்."