ரஞ்சிதாவுக்குக் காவல்

வீட்டில் இருந்தவர்கள்: செல்வராணி, அவள் இளைய மகன் கோபிநாத், அரிமளத்திலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த ஆத்மநாதன், அவர் மனைவி சொர்ணவல்லி, பின்னறையில் நாலு வயது ரஞ்சிதா. மாப்பிள்ளையான மூத்த மகன் சிங்கப்பூரில் இருந்தான்.

அண்ணன் கல்யாணம் முடிந்தால்தான் கோபி தன் காதலைப் பற்றி வீட்டில் வாயைத் திறக்க முடியும். அதனால், "அவுங்க கெளம்புற வரைக்கும் பாப்பா வெளிய வரக் கூடாது" என்று அம்மா சொன்னதும் காவலுக்கு உட்கார்ந்து, செல்போனில் படம் போட்டான். ஒரு குழந்தையை ஊரே துரத்த, ஓர் ஏஜென்ட் தூக்கிக்கொண்டு ஓடும் வழக்கமான படம்.

"அந்தப் பாப்பாவ ஏன் சித்தப்பா தொரத்துறாங்க?"

"அதுக்கு ஒரு உண்மை தெரியும். சொல்லிட்டா எல்லாரும் மாட்டிக்குவாங்க."

"செத்துருமா?"

"ஏஜென்ட்டு இருக்காருல்ல. எல்லாப் படத்துலயும் காப்பாத்திருவாரு."

"எனக்கு ஒண்ணுக்கு வருது."

எந்தப் படத்திலும் இப்படி ஒரு சீன் வந்ததில்லை. கழிவறை வாசல் பக்கம் இருந்தது. கோபி அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தான்.

"பேத்திங்களா?" என்றாள் சொர்ணவல்லி.

"எதிர்வீட்டுப் பிள்ளைங்க. அவுங்கம்மா வேலைக்குப் போயிருக்கு" என்றாள் செல்வராணி அவசரமாக.

ரஞ்சிதா ஆத்மநாதனை உற்றுப் பார்த்தாள்.

"தாத்தா, எங்க சோபாவுல காபிய சிந்தாதீங்க. ஃபிரிட்ஜும் எங்களுதுதான். சாயங்காலம் திருப்பித் தந்துருவாங்க."

ஆத்மநாதன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

அவர்கள் கார் தெரு முனை திரும்பியதும், செல்வராணி கோபியை விட்டுச் சோபாவை வாசலுக்குத் தள்ள வைத்தாள்.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு நீயும் அங்கிட்டே கெட."

ரஞ்சிதா சோபாவில் ஏறி உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, பாப்பா உண்மையச் சொல்லிட்டா ஏஜென்ட்ட என்ன பண்ணுவாங்க?"

கோபி பதில் சொல்வதற்குள், செல்வராணி அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.