பதினோரு குழி

மேனேஜர் ஆசையாய் வளர்க்கும் ரோஜாத் தொட்டிகள் சுரங்க ஆபீஸ் வாசலில் உள்ளங்கை அகலத்துக்குப் பூத்திருந்தன. அதைப் பார்த்தே மிளகாய்க்காரருக்குப் பாதி வயிறு எரிந்தது. கதவைத் தள்ளினால், மண் ஆய்வு அதிகாரியம்மா மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கொடுத்த காபியை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். மீதிப் பாதியும் எரிந்தது.

மிளகாய்க்காரர் என்ற பெயர் ஊரில் அவருக்குச் சும்மா வரவில்லை. விளைவிப்பதும் மிளகாய், வாயைத் திறந்தாலும் மிளகாய்.

"அதானே பார்த்தேன்! அவங்க காபி உள்ளே போயாச்சு, இனி நாக்கு அவங்க பக்கம்தானே பேசும்?"

அதிகாரியம்மா இன்னொரு வாய் காபி குடித்தார். "உட்காருங்க பெரியவரே, லேப் ரிப்போர்ட் வந்துருச்சு" என்றார் மேனேஜர்.

விஷயம் இதுதான். மிளகாய்க்காரரின் நாலு ஏக்கரைப் பத்து வருஷத்துக்குச் சுரங்கம் எடுத்துக்கொள்ளப்போகிறது. நல்ல மண் என்று முடிவானால், மேல்மண்ணைத் தனியாக வழித்து வைத்திருந்து, தோண்டி முடித்ததும் திரும்பப் பரப்பி, விளைநிலமாகவே ஒப்படைக்க வேண்டும். ஒன்றுக்கும் உதவாத மண் என்று எழுதிவிட்டாலோ, அந்த வேலையே இல்லை. பாறையும் பள்ளமுமாக விட்டுவிட்டுப் போகலாம்.

போன மாதம் இந்த அம்மாதான் கொளுத்தும் வெயிலில் அவர் நிலத்தில் பதினோரு குழி வெட்டினார். குழிக்கு ஒரு பை மண் எடுத்து, வெறும் நம்பர் மட்டும் போட்டுக் கட்டினார். "அருமையான மண்ணுங்கய்யா" என்று அவர் சொன்னதை நம்பி, மிளகாய்க்காரரும் கூடவே மண்வெட்டி பிடித்தார். புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "மொத்தம் பன்னிரண்டு பை. பன்னிரண்டும் கடைசித் தரம். ஒரே உப்பு, சத்தே கிடையாது. அதுலயும் இந்த ஏழாம் நம்பர் இருக்கே, புல்லுகூட முளைக்காதாம்!"

"அடப்பாவிங்களா! போன தடவை நாப்பது மூட்டை எடுத்த மண்ணுய்யா அது! வாய் கூசலையா உங்களுக்கு?"

"நானா சொல்றேன்? லேப் சொல்லுது. பதினஞ்சு வருஷமா எங்களுக்குப் பார்க்கிற லேப். தப்பே வராது."

அதிகாரியம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ பன்னிரண்டு பை முடிவும் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார். ஃபைல்ல வைக்கணும்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். மிளகாய்க்காரர் மேஜையில் ஓங்கி அடித்தார்.

"படிச்ச பொண்ணாச்சேன்னு நம்பினேனேம்மா! என் பேரன் பாறையிலயா விதைப்பான்? நீ நல்லா இருப்பியா?"

"கொஞ்சம் பொறுங்கய்யா." அதிகாரியம்மா அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்தி ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"லேப் ஒழுங்கா பார்க்குதான்னு தெரிஞ்சுக்க, நாங்க எப்பவும் வேற இடத்து மண்ணு ஒரு பையும் சேர்த்து அனுப்புவோம் சார். அந்த ஏழாம் நம்பர், உங்க வாசல் ரோஜாத் தொட்டி மண்ணு."